இரண்டு பக்கம்

கிளாக்ஸ்விக் நூலகத்தில்
ஒரு தடவைக்கு மூன்று புத்தகம் எங்கள் கணக்கு.
பனிக்கரடியோடு மல்லுக்கட்டும் பெண்,
எரிமலைக்குள் கயிறு கட்டி இறங்கும் பெண்,
இரண்டும் சரி.
மூன்றாவதன் அட்டையில் கப்பல்.
நைசாக அடுக்கில் திரும்பச் செருகினேன்.
ரன்வா அதை உருவிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறு வயது. முன்பல் இரண்டும் இல்லை.
அவள் அம்மா டூரி
பாரன்ட்ஸ் கடலில், மீன்பிடிக் கப்பலில்.
திரும்ப இன்னும் பத்தொன்பது நாள்.

இளவரசி கதை சொல்லட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.
"அவ என்ன வேலை பாக்குறா?"
என்னிடம் பதில் இல்லை.

கரடி தோற்றது. எரிமலை அடங்கியது.
இன்றைக்குக் கப்பல்.
வெளியே காற்று
தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.
புயல் வரும் இடத்தில்
இரண்டு பக்கம் சேர்த்துப் புரட்டினேன்:
பொழுது விடிந்தது. ஒடிந்த பாய்மரத்தை இழுத்துக் கட்டினார்கள்.

"ஹோக்னி" என்றாள், அப்பா என்றுகூட இல்லை.
"பாய்மரம் எப்ப ஒடிஞ்சுது?"

திரும்பப் போனேன்.
அலையை அலையாகவே வாசித்தேன்.
சுக்கான் போனது.
சமையல்காரனின் பூனையைக்கூட விடவில்லை எழுதியவர்.
ரன்வா கால்விரல்களால் போர்வையைக் கவ்விக்கொண்டு
"இன்னும் சத்தமா" என்றாள்.
அப்புறம், நடுக்கடலில்
எல்லோரையும் அப்படியே விட்டுவிட்டுத்
தூங்கிப்போனாள்.

விளக்கை அணைக்கக் கை போனது.
முடியவில்லை.
பூனை கிடைக்கும்வரை போய்,
மீதிப் பதினோரு பக்கமும்
உதடு மட்டும் அசைய வாசித்து,
அத்தனை பேரும் கரையேறிய பிறகுதான்
எழுந்தேன்.