மட்டும்

கீச்சென்று கத்தியது முன்சக்கரம்.
அதை மட்டும் பார் என்றேன்.
மட்டும்.
உன் காதுக்கும் வேலைச்சீட்டுக்கும் நடுவில்
அந்தச் சொல் எந்தக் கிரீஸ் டப்பாவில் விழுந்தது, பூபாலன்?

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தேன்.
வெருலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உன் கராஜ்.
லிஃப்டின் உச்சியில் என் டொயோட்டா,
வயிறு தெரிய நின்றது.
எங்கோ கரும்பு எரித்துக்கொண்டிருந்தார்கள்;
சாம்பல் கருப்பு இழைகளாக இறங்கியது.
ஊதிவிட்டு பில்லை நீட்டினாய்.

பிரேக் பேடு எழுநூற்று எண்பது. சரி.
கிளட்ச் நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது.
விசிறி பெல்ட். வைப்பர்.
கூலி தனியாக ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
கடைசியில் 'சில்லறை' என்று ஒரு வரி:
ஐந்நூற்று ஐம்பது.
உன் கடையில் சில்லறை இவ்வளவு கனமா?

ஆக எட்டாயிரத்து எழுநூற்று நாற்பது ராண்ட்.

என் தொலைபேசி எண் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது,
உன் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு.
மூன்று நாளில் ஒரு தடவை அது அடிக்கவில்லை.

"கிளட்ச் போயிருந்தது, சிஸ்டர்.
நள்ளிரவில் ஹைவேயில் நிறுத்தியிருக்கும்.
உங்கள் நன்மைக்குத்தான்."
அது என் நள்ளிரவு, பூபாலன்.
அதை எனக்கே விற்க யார் உன்னிடம் கொடுத்தது?

அதுவரை ஆங்கிலத்தில்தான் சண்டை.
பிறகு வாயிலிருந்து 'அநியாயம்' என்று விழுந்தது.
தமிழ் வராத நீ அதற்கு மட்டும் நிமிர்ந்தாய்.
யாரோ உன்னை முன்பே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

கழற்றியதைக் காட்டு என்றேன்.
பெகானி ஒரு வாளியில் கொண்டுவந்தான்.
என்னைப் பார்க்கவில்லை; வாளியையும் பார்க்கவில்லை.
கிளட்ச் தட்டு என்னுடையதுதான் போல,
தேய்ந்து அப்பளமாகியிருந்தது.
வைப்பர் என்னுடையது இல்லை.
என் வைப்பரில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி சுற்றியிருக்கும்.

பேடுக்கு மட்டும் கட்டுகிறேன் என்று அட்டையை எடுத்தேன்.
நீ மிஷினை நீட்டிய அதே நேரம்
ஊரே அணைந்தது. ஆறு மணி மின்வெட்டு.
மிஷின் செத்தது. லிஃப்ட் செத்தது.
கார் அந்தரத்தில்.
நீ பிடித்துவைக்க வேண்டியதில்லை,
நான் பிடுங்கவும் வழியில்லை.

இரண்டு மணி நேரம். ஒரே பெஞ்சு.
நார்ச்சிப் பழம் உரித்து பாதியை நீட்டினாய்.
இதுவும் பில்லில் வருமா என்றேன்.
பெகானி சிரித்துவிட்டான்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்கிறவள் நான்,
கையெழுத்து இல்லாமல் எங்கள் கத்தி தோலைத் தொடாது
என்று சொன்னேன்.
விதையைத் துப்பிவிட்டு நீ கேட்டாய்:
"திறந்த பிறகு உள்ளே இன்னொரு அழுகல் தெரிந்தால்?
தைத்து, எழுப்பி, கேட்பீர்களா?"

இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.
போன வியாழன், இரண்டாம் மேசை.
எழுப்பிக் கேட்கவில்லை நாங்கள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது:
ஆனால் யாருக்கும் மூக்குக்கண்ணாடி மாற்றி அனுப்பவில்லை.

விளக்கு வந்ததும்
வைப்பரை அடித்தேன். பெல்ட்டை அடித்தேன்.
சில்லறையைத் தாள் கிழிய அடித்தேன்.
கிளட்சின் மேல் பேனா நின்றது.
பொருளுக்கு உண்டு, கூலிக்கு இல்லை என்று எழுதினேன்.
பெகானியின் கூலியை உன் பையிலிருந்து கொடு என்றேன்,
அவன் காதில் விழும்படி.
நீ சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாய்.
ஐயாயிரத்து அறுநூற்று முப்பது.
வென்றேனா, கணக்கில் வரவில்லை.

கார் இறங்கியது, மெதுவாக,
கோபம் தீராத பெண்பிள்ளை மாடியிறங்குவது போல.

ரோபோ என்று இங்கே சொல்லும் சிக்னலில், முதல் பச்சையிலேயே
துள்ளி அணைந்தது.
பின்னால் மினிபஸ் டாக்சிக்காரன் ஹாரனால் வைதான்.
பன்னிரண்டு வருஷம் அந்தப் பெடலை
முழு உடம்பால் மிதித்துப் பழகிய இடது கால்.
இப்போது பஞ்சு.

என்னிடம்தான் கேட்கவில்லை.
என் காலிடமாவது
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பூபாலன்.