ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம்

வார்டை விட்டுப் போன அன்று
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம்.
நான்தான் எழுதினேன்.
அடுத்த எடைக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டமும் போட்டேன்.

மொகோட்லோங்கில் ஜூலை என்றால் பனி.
ஜீப் பாலத்தோடு நின்றுவிட்டது.
தொங்குதராசைத் தோளில் மாட்டிக்கொண்டு
நானும் ஒரு குதிரைக்காரனும்
ஏறி முடிக்க மூன்று மணி நேரம்.

கம்பளி போர்த்தி வாசலில் நின்றாள்.
முன்பக்கம் தட்டையாக இருந்தது.
தெரிந்துவிட்டது; இருந்தும்
குதிரையைக் கட்டுகிற சாக்கில் கொஞ்சம் தாமதித்தேன்.

"ஒன்பதாம் நாள் ராத்திரி. பாலை இழுக்கவில்லை.
நெஞ்சோடுதான் வைத்திருந்தேன் சிஸ்டர்,
நீங்கள் சொன்ன மாதிரியே."

அங்கே குழாய் இருந்தது, விளக்கின் சூடு இருந்தது,
மூச்சு மறந்தால் கத்துகிற பெட்டி இருந்தது.
இங்கே இவள் நெஞ்சு மட்டும்.
நாங்கள் கொடுத்தனுப்பியது
ஒரு தொப்பி, ஒரு தேதி.

தொப்பியைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.
"வேறு பிள்ளைக்கு ஆகும்."
தராசை நான் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

இந்த மலையில் தாயை
முதல் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.
ரெலெபோஹிலே. நன்றியுடையோம் என்று அர்த்தம்.
இறங்கும்போது திரும்பி
மா-ரெலெபோஹிலே என்றேன்.
வேறு எப்படிக் கூப்பிட?

"ம்" என்றாள்.