பன்மை

பெரிய புதன் இரவு. தெருவேல் மலையில் இன்னும் பனி.
முக்கோணத் தண்டில் பதினைந்து மெழுகுவர்த்திகள்.
ஒரு சங்கீதம் முடிந்தால் ஒன்றை அணைப்பது
பிராக்ஸெதெஸின் வேலை.
கணவன் போனபின் கோயில் சாவியும்
அவன் முழங்கால் வலியும் அவளுக்கு வந்தன.

ஆர்கன் பழுதுபார்க்க வந்த ஃபெர்ராராக்காரன் எர்மேதே
முதல் சுடர் போனதும் முணுமுணுத்தான்: தெனெப்ரே.
தினியெப்ளாஸ், என்று திருத்தினாள், போகிற போக்கில்.

இரண்டுமே பன்மை.
இருள்கள் என்று எழுதினால் நம் பேனா கொஞ்சம் தயங்கும்.
அவர்களுக்கோ ஒற்றை இருள் கிடையாது,
மத்தி வாங்குவதுபோல்
வாங்கினால் கூறாகத்தான்.

மேல்தெருவில் இடிந்த வீட்டை வாங்கிய ஹெஸ்டர்
தன் மொழியிலும் அது உண்டென்றாள்: டெனெப்ரஸ்.
கடைசியாக எப்போது சொன்னீர்கள்?
யோசித்தாள்.
இப்போதுதான்.

பதினைந்தாவதை அணைக்கக் கூடாது.
எரிய எரியப் பீடத்தின் பின்னால் ஒளிக்க வேண்டும்.
சனங்கள் பெஞ்சைத் தட்டி, மரக்கிலுக்கு சுழற்றி
பூமி அதிர்ந்ததென்று காட்டுவார்கள்.
சுடர் திரும்பினால் சத்தம் நிற்கும்.

அவள் பின்கதவைத் தாழிடவில்லை.

காற்று வந்தது,
வேறொன்றும் செய்யாமல் போனது.

சத்தம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்?
உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள்.
தோன் எலாதியோ இருமினார், அதையும் பூகம்பமாக எடுத்துக்கொண்டார்கள்.
பிறகு ஒவ்வொரு கையாக ஓய்ந்து
பேக்கரிக்காரன் பையன் ஃபெர்மின் மட்டும்
கிர்ர், கிர்ர்,
அவனும் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

எர்மேதே தவழ்ந்து வந்து லைட்டரைச் சொடுக்கினான்.
வாயு தீர்ந்திருந்தது. பொறி மட்டும்.
ஒரு பொறியில் அவன் மீசை.
ஒரு பொறியில் பீடத்தின் முதுகு,
முன்புறத் தங்கமெல்லாம் இங்கே வெறும் பலகை,
ஆணியில் கணவனின் மறந்துபோன தொப்பி.
அடுத்ததில் ஒன்றுமில்லை, அவள் கண்ணை மூடியிருந்தாள்.

எரியாத மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்து
முன்னால் வந்து நின்றாள்.
யாருக்கும் தெரியவில்லை.
கருகிய திரியின் வாசனை மட்டும்
வரிசை வரிசையாகப் போனது.
எழுந்தார்கள். வழக்கம்போல் பேசாமல்,
ஒருவர் தோளை ஒருவர் தொட்டுக் கதவைத் தேடினார்கள்.

சனிக்கிழமை கடை திறந்ததும் போனாள்.
தீப்பெட்டியா, என்றான்.
தீப்பெட்டிகள், என்றாள்.