கத்தி மறந்த நாள்

மட்டக்குளியில், களனி கடலுக்குள் விழுமுன்
கலங்கித் தயங்கும் இடத்தில்
ஆறு பேர்ச் சிக்கரி எனக்கு.

“கோப்பியில கலக்கிறதா?” என்றான் பஸ்லி.
அது வேர்.
எனக்கு வேண்டியது இலை,
எட்டு மறிக்கும் ஒரு கிடாய்க்கும்.

மூன்று நாள் மழை பாத்தியை விட்டுப் போகவில்லை.
துறைமுகத்து விளக்கு வானத்தில் கசிந்த வெளிச்சத்தில்
வாய்க்கால் வெட்டினேன்.
வெயிலைப் பொறுக்கும் வேர்,
ஆழம் போய்த் தன் தண்ணீரைத் தானே தேடும்;
காலடியில் நின்றால் மட்டும் அழுகிவிடும்.

முழங்கால் தொடுமுன் ஆட்டை அவிழ்க்க வேண்டும்,
நாலு விரல் கட்டை இருக்கையில் இழுத்துக் கட்ட வேண்டும்.
கிடாய்க்கு இந்தக் கணக்கு பிடிக்காது.

பால் கசக்குது என்று போத்தலைத் திருப்பி அனுப்பினார்
அளுத்மாவத்தை ஜெசிந்தா மிஸ்.
இப்போது கறந்த பிறகுதான் சிக்கரி;
அதற்குமுன் கினிப்புல், அவ்வளவுதான்.
வயிற்றுப் பூச்சி குறைந்தது போலத்தான் இருக்கிறது,
புழுக்கை உருண்டையாய் விழுகிறது.
வேறென்ன சொல்ல.

வேலியோரம் ஒன்று மட்டும் தண்டு விட்டது.
தண்டு விட்டால் இலை முரடு, ஆடு முகம் திருப்பும்,
வெட்டிவிட வேண்டும்.

விடிய நீலமாய் விரிந்து
பதினொரு மணிக்குள் மூடிக்கொண்டது.

கத்தியை வீட்டில் மறந்துவிட்டேன் என்று
ஆடுகளிடம் சொன்னேன்.