தாம்பூலப் பை

மதகின் கம்பிச் சட்டத்தில்
விடிவதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்
ராத்திரி முழுக்க ஆறு கொண்டுவந்தது.
கொக்கியை விட்டு இழுப்பேன்.
கிருஷ்ணகிரி அணையில் இருபத்திரண்டு வருஷமாக
காகிதத்தில் நான் லஸ்கர்.

வருவதை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன்.
ஷாம்பு பாக்கெட் சரம் சரமாய் வந்தால்
மேலே எங்கோ கோயில் விசேஷம்.
பால் கவரின் வெட்டிய மூலை
கொக்கிக்குச் சிக்காது,
குனிந்து கையால்தான் பொறுக்க வேண்டும்.
மாம்பழ சீசனில் ஜூஸ் பாட்டில்கள்
கழுத்துவரை நுரையோடு
பாதி முழுகிப் பாதி தள்ளாடி வரும்.

நாற்றம் பழகிவிட்டது.
திட்டுவது அதைவிடப் பழகிவிட்டது.
ஓசூர்க்காரனை, சூளகிரிக்காரனை,
பாலத்தில் காரை நிறுத்திக்
கண்ணாடியை இறக்குகிறவனை.
பேர் தெரியாதவனைத் தாராளமாய்த் திட்டலாம்.

இன்று சிக்கியது ஒரு மஞ்சள் பை.
பார்க்கத் துணி மாதிரி, துணி இல்லை.
சேறு வழிந்ததும் பிள்ளையார் தெரிந்தார்.
அவருக்குக் கீழே
திம்மராயன் – சாலம்மாள் இல்லத் திருமணம்,
வைகாசி பதினொன்று, வேப்பனப்பள்ளி.

அறுநூறு அடித்தேன்.
ஒரு தேங்காய், வெற்றிலை, ஒரு சாக்லேட்.
"நெசத் துணியா, இதுவா?
இது பைக்கு நாலு ரூபா கம்மி"
என்றான் அச்சாபீஸ்காரன்.
மிச்சப் பணம் மேளக்காரருக்கு அட்வான்ஸ்.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடை.
ஓடை மார்க்கண்ட நதிக்கு,
நதி பெண்ணையாற்றுக்கு,
பெண்ணை என் கம்பிக்கு.
சம்பந்தி வீட்டுக்கே
எனக்கு இத்தனை சரியாய் வழி தெரியாது.

இது ஒன்று.
இந்த வருஷ மழைக்கு
இரண்டு தடவை பெரிய ஷட்டரைத் தூக்கினோம்.
அங்கே கம்பி கிடையாது.
காவேரிப்பட்டணம், சாத்தனூர் தாண்டி
கடலூரில் போய் விழும் என்பார்கள்.
நான் கடலைப் பார்த்ததில்லை.
என் பேர் பார்த்திருக்கும்.

"என்ன திம்மராயா, இன்னிக்கு ஜாஸ்தியா?"
பைக்கை நிறுத்தாமலே கேட்டார் ஆபீசர்.
"எப்பவும் வர்றதுதான் சார்."

பையை நாலாய் மடித்துச்
சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.
மற்றதெல்லாம் கரைமேல் குவியல்.
ஏற்றிப்போக வேண்டிய லாரி
பத்து நாளாய் வரவில்லை.
மத்தியானத்துக்கு மேல்
காற்று தண்ணீர்ப் பக்கம் திரும்பியது.