புள்ளி இல்லாத புகை

ஒரு நாளைக்கு இரண்டு முறை
எங்கள் தலைக்கு மேலே போகிறது அது.
மதியம் ஒன்றரை, ராத்திரி ஒன்றரை.
நடுவில் பன்னிரண்டு மணி நேரம்
ஜவ்வாது மலைக்குக் கண் கிடையாது.

வேலூர் வன அலுவலகத்தின் மாடி அறையில்
ஏசி இருக்கிறது, கம்ப்யூட்டருக்காக.
அதன் தயவில் நானும்
ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாசி முடிந்ததும் சிவப்புப் புள்ளிகள் வரத் தொடங்கும்.
ஒரு புள்ளி என்றால் முந்நூற்று எழுபத்தைந்து மீட்டர் நீளம்,
அவ்வளவே அகலம்.
அதற்குள் எங்கே எரிகிறதென்று அது சொல்லாது.
சென்ற வாரம் ஓடிப்போய்ப் பார்த்த புள்ளி
திருவலத்தில் கரும்புச் சோகை.
அதற்கு முந்தியது வாலாஜா பக்கம் செங்கல் சூளை;
சூளைக்காரர் ஜீப்பைப் பார்த்ததும்
நாலு டீ சொன்னாராம்.

புகை வேறு.
புகையைப் படிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.
மேகத்துக்கு ஓரம் இருக்கும், புகைக்கு இருக்காது.
மேகத்தின் நிழல் தரையில் கூடவே வரும்,
புகையின் நிழல் அழுக்கோடு அழுக்காகிவிடும்.
அகன்ற பக்கத்தை விட்டுவிட்டு
மெலிந்த நுனியைப் பிடித்துப் பின்னாலேயே போனால்
விறகு அங்கே இருக்கும்.

பங்குனி இருபத்தொன்று, மதியப் படம்.
ஒடுகத்தூருக்கு மேலே பள்ளத்தாக்கில்
பழுப்பாக ஒன்று படுத்திருந்தது.
அதன் வால் அணைக்கட்டைத் தாண்டி,
பாலாற்று மணலைத் தாண்டி,
காட்பாடியில் கிழிந்து தொங்கியது.
புள்ளி இல்லை.
முந்தின ராத்திரியும் இல்லை.

ரேஞ்சர் தனகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"புள்ளி இல்லேன்னா தீ இல்லம்மா.
நம்ம படிவத்துல புகைக்குக் கட்டம் கிடையாது."

தீக்காவலர் வெள்ளையனுக்கு மூன்று முறை அடித்தேன்.
சிக்னல் கிடைக்கும் பாறைக்கு அவர் ஏறிவர
மணி நாலு.
"எரிஞ்சுது மேடம். நேத்து ரெண்டு மணிக்கு வெச்சான்.
பன்னெண்டுக்குள்ள தழையால அடிச்சி அமத்திட்டோம், ஏழு பேரு.
இப்ப கட்டைதான் பொகையுது."
அதென்ன ரெண்டு மணி?
சிரித்தார், அல்லது இருமினார்.
"உங்க கண்ணு ஒன்றரைக்குப் போயிடுதுல்ல?
ஆடு ஓட்றவனுக்கு அது பஸ் டைம் மாதிரி.
பழம்புல்லக் கொளுத்திட்டா
ஒரு மழைக்குத் தளிர் வரும், அதான்."
அவன் பேரென்ன?
காற்று மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.
"சிக்னல் இல்ல மேடம்"
என்றது வெள்ளையனின் குரல், மிகத் தெளிவாக.

சத்துவாச்சாரி மொட்டை மாடியில்
இருட்டிய பிறகு துணி எடுக்கப் போனேன்.
மகளின் வெள்ளைச் சட்டைக் கையில்
ஒரு மூங்கில் இலை.
முழுதாக, கறுப்பாக,
நரம்புகூடக் கலையாமல்.
எத்தனை கிலோமீட்டர் வந்ததோ,
மேலேயிருந்து யாரும் பார்க்காமல்.
நான் ஊதிவிடாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தீப்பெட்டியைக் காலிசெய்து அதில் வைத்து
மறுநாள் கொண்டுபோனேன்.
பதிவேட்டில்
'புள்ளிகள்: ஏதுமில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில்
கோந்து தடவி ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு ரேஞ்சர் நோட்டைத் திறந்தார்.
இலை இல்லை, விரலகலம் கரி.
"என்னம்மா, இங்க் கொட்டிடுச்சா?"
கையெழுத்துப் போட்டார்.
விரலில் ஒட்டியதை மேசை விளிம்பில் தேய்த்துக்கொண்டே
"இன்னிக்கு ஏதாவது புள்ளி?" என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது,
மலையில் அவனுக்கு
மூன்று.