பதினோராவது வரி

கணக்கெழுதியது நான்தான்.
காற்சட்டைப் பையில் இரண்டு பென்சில்,
மடியில் நீலமட்டைக் கொப்பி.
பரந்தன் மைதானத்தில் வேம்பின் நிழல் நகர நகர
கதிரையோடு நானும் நகர்வேன்.

சன்னாசி முதலில் வந்தது விளையாட அல்ல,
வாய்க்காலில் விழுந்த பந்தை எடுக்க.
முதலை கிடக்கிற மடு. எங்களில் ஒருவரும் இறங்கோம்.
அவன் இறங்குவான்.
எடுத்து, கரையில் நின்றபடியே எறிவான்,
எழுபது யார். குச்சி விழும்.
மூன்று மாதம் குச்சி விழுந்த பிறகுதான்
எங்களுக்குக் கண் தெரிந்தது.

எழுபத்தேழில் எரிந்த லயத்திலிருந்து
தருமபுரத்துக்கு வந்த குடும்பம்.
தகப்பன் மருதை எங்கள் வயல்களில் வரம்பு கட்டினார்.
"தோட்டக்காட்டான் இறங்கினால் நான் இல்லை" என்று
மூன்று பேர் சப்பாத்தைக் கழற்றினார்கள்.
இரண்டு பேர் திரும்ப மாட்டினார்கள்,
அரையிறுதி வந்துவிட்டதால்.

தலைவர் இரத்தினசிங்கம் அவனுக்குச் சொன்னது இவ்வளவே:
"ஆர் என்ன சொன்னாலும் வாய் திறக்காதே.
துடுப்புப் பேசட்டும்."
பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன்.
எங்கள் வாயைப் பற்றி
அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வலைப்பயிற்சியில் எங்கள் ஆட்களே
அவன் விலாவுக்குப் பார்த்துப் போட்டார்கள்.
தேநீர் இடைவேளையில் கண்ணாடிக் கோப்பை பதினொன்று;
பத்தில் ஊற்றி, ஒன்றைக் கவிழ்த்துவைத்து,
அவனுக்குச் சிரட்டை.
குடித்துவிட்டு அதை வாய்க்காலில் விடுவான்.
மதகு மட்டும் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் கடலை சுற்றி வந்த ஆங்கிலத் தாளில் ஒரு படம்:
கறுத்த மனிதன் ஒருவன், தொப்பி பறக்க,
புழுதியில் சறுக்கி
வெள்ளைத் தட்டொன்றைக் காலால் தொடுகிறான்.
கிரிக்கெட் இல்லை. என்ன விளையாட்டென்று எனக்கும் தெரியாது.
பெயர் இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது.
"ஆள் அவுட்டா, இல்லையா?"
பின்னால் நின்ற நடுவரின் கை இன்னும் எழவில்லை.
எண்ணெய்க் கறையோடு மடித்து
சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வவுனியாவோடு இறுதியாட்டம். கயிற்றுப் பாயில் ஈரம்.
ஆறு பேர் போக நாற்பத்தொன்று.
வேறு வழியில்லாமல் அவனை அனுப்பினார்கள்.
வெறுங்கால். காலுறைகூட மிஞ்சவில்லை.
முதல் பந்து தோளில். இரண்டாவதும் தோளில்.
மூன்றாவது, தண்டவாளத்துக்கு அப்பால்
எருமைகள் நின்ற இடத்தில் விழுந்தது.
பிறகு நான் தலைநிமிரவே நேரமில்லை,
பென்சில் முனை இரண்டு தரம் முறிந்தது.
வென்றோம்.
எல்லாரும் ஓடிப்போய் இரத்தினசிங்கத்தைத் தூக்கினார்கள்.

இதையும் சொல்லவேண்டும்.
கொப்பியில் பதினோராவது வரியில்
நான் அவன் பெயரை எழுதியிருக்கவில்லை.
"மாற்று ஆள்" என்று எழுதியிருந்தேன்.
பேப்பர்க்காரர் அதைப் பார்த்து எழுதினார்:
மாற்று ஆள், ஆட்டமிழக்காமல் 88.

கடைசி இடப்பெயர்வில் கொப்பியைத் தறப்பாளில் சுற்றிப்
புளியடியில் புதைத்தேன்.
திரும்பிவந்து தோண்டினால் கறையான் மண்.
மனம் கொஞ்சம் ஆறுதல் பட்டதை
யாருக்கும் சொன்னதில்லை.

போன மாசி, விசுவமடுச் சந்தி.
சைக்கிளுக்கு ஒட்டுப்போட நின்றேன்.
ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடுகிற
நரைத்த கையை எனக்குத் தெரியும்.
"சன்னாசி, எண்பத்தெட்டு ஞாபகம் இருக்கா?"

அவன் நிமிரவில்லை.
"எண்பத்தொன்பது அண்ணே.
கால்ல பட்டதுன்னு ஒண்ணு எழுதுனீங்களே,
அது மட்டையில பட்டுச்சு."

நான் பையைத் தடவினேன்.
பென்சில் இல்லை.